இரண்டு ரூபாய் அபராதம்

எந்தப் பந்தயத்திலும் இருதயராஜ் ஜெயித்ததில்லை.
எண்பத்தாறில் பீட்டா என்றான்.
"படம் கண்ணாடி மாதிரி இருக்கு பாரு,
வி.எச்.எஸ்.ஸில் கதாநாயகிக்கு மூக்கே கரையுது."
மூக்கு கரைந்தால் என்ன,
ஸ்ரீராமபுரத்தில் வீடு வீடாக வாடகைக்குப் போனது
அந்தப் பெட்டிதான்.
நாற்பது பீட்டா கேசட்டை எடைக்குப் போட்டோம்.
அப்புறம் லேசர் டிஸ்க் என்றான், தோசைக்கல் அகலம்.
அப்புறம் எச்.டி. டி.வி.டி.
தோற்கிற குதிரையை மோப்பம் பிடிக்கவும்
ஒரு தனி மூக்கு வேண்டும்.

நான் கவனித்தது வேறு.
வந்த ஒவ்வொன்றும்
இடைவேளையைத் தன் இஷ்டத்துக்கு வைத்தது.
பீட்டாவில் க்ளைமாக்ஸ் அடுத்த கேசட்டில்.
லேசரில் கத்தியை ஓங்கியதும் தட்டைத் திருப்ப வேண்டும்.
வி.சி.டி.யில் தாலி ஒரு தட்டில், முடிச்சு இன்னொன்றில்.
டி.வி.டி. அரை நொடி திக்கும்,
பொய் சொல்லப் போகிறவன் போல.
இப்போது போனில் ஒரு வட்டம் சுற்றுகிறது,
முறுக்கு விற்க யாரும் வருவதில்லை.

புதுசு வந்தால் பழசு போய்விடுமா என்று கேட்டால்
போகும் என்பேன்.
கடையில் இப்போது ஆதார் ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ்.
வருத்தமில்லை.
பெட்டி தின்ற நாடாவை
ஸ்க்ரூடிரைவரும் செல்லோடேப்புமாக
பிரசவம் பார்த்து எடுத்தவன் நான்.

போன மாதம் ஒரு பையன் வந்தான்.
பையன் என்ன, முன்நெற்றி ஏறிவிட்டது.
ஒயிட்ஃபீல்டில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை.
பையிலிருந்து ஒரு வி.எச்.எஸ்.
முதுகில் என் கையெழுத்து: 341.
"டிஜிட்டலா மாத்தணுமா?"
"இல்ல சார். திருப்பிக் கொடுக்க."

பரணில் பேரேடு இருந்தது.
341, அம்புஜவல்லி, நாலாவது கிராஸ்.
எடுத்த தேதி 11.12.91.
திரும்பிய தேதிக்கான கட்டம் காலி.
அந்தப் பக்கம் முழுக்கவே காலிதான்.
காவிரியின் பேரால்
தெருத் தெருவாய்த் தமிழ்ப் பலகை தேடிய வாரம்.
என் ஷட்டரை நெம்பியவர்களில் இரண்டு பேருக்கு
என்னிடம் உறுப்பினர் எண் உண்டு.

"மறுநாள் ராத்திரி லாரியில ஓசூர் போனோம்.
டி.வி. போச்சு. பீரோ போச்சு.
இதை மட்டும் அம்மா மடியில வச்சிருந்தாங்க.
அடுத்தவங்க பொருளாச்சே,
இன்னிக்குக் கொடுக்க வேண்டியதுன்னு."
இப்போது முட்டிவலி, வர முடியவில்லையாம்.
வீடு மாறும்போதெல்லாம்
கேஸ் சிலிண்டருக்கு முன்னால் கேசட்டைக் கேட்பாளாம்.

ஓடுகிற பெட்டி இருதயராஜிடம் ஒன்று இருந்தது.
தோற்றவனிடம்தான் எல்லாம் மிச்சமிருக்கும்.
போட்டோம்.

சுற்றாமல் கொடுத்திருந்தாள்.
நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது நாடா.
ஒரு காமெடியன் பீரோவுக்குள் ஒளிந்திருக்கிறான்.
வெளியே கதவைத் தடதடவென்று தட்டுகிறார்கள்.
அவனுக்குத் தும்மல் வருகிறது,
மூக்கை இறுக்கிப் பிடிக்கிறான்.
அங்கேதான் யாரோ
சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

போனுக்கும் நிறுத்திய இடம் ஞாபகமிருக்கும்,
ஆனால் அது அவரவர் இடம்.
கேசட்டில், முன்னால் எடுத்தவர் விட்ட இடத்தில்
நம் படம் ஆரம்பிக்கும்.
அதற்குத்தான் அபராதம் வைத்தேன்,
யாருடைய பாதியும் யார் வீட்டுக்கும் போகவேண்டாம் என்று.

காமெடியன் தும்மினான்.
பீரோவே குலுங்கியது.
பையன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டான்.
அப்போது நாலு வயதாம்.
படம் ஞாபகமில்லை,
வாயைப் பொத்திய கையில்
வெங்காய வாசனை இருந்ததாம்.

"இதுவும் தோக்கும் பாரு" என்றான் இருதயராஜ்,
அவன் போனைக் காட்டி.
எது ஜெயிக்கும் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் எதையாவது வாங்கச் சொல்வான்.

"ஃபைன் எவ்வளவு சார்?"
முப்பத்துச் சொச்சம் வருஷ வாடகையை விட்டுவிட்டேன்.
"சுத்தாமக் குடுத்ததுக்கு ரெண்டு ரூபா."
ஸ்கேன் செய்தான்.
கல்லாமேல் இருக்கும் குட்டிப் பெட்டி
நாலாவது கிராஸ் வரைக்கும் கேட்கும்படி
கன்னடத்தில் கத்தியது:
எரடு ரூபாயி பந்திதெ.

கட்டத்தில் தேதி போட்டேன்.
பேனா முதலில் எழுதவில்லை,
உள்ளங்கையில் இரண்டு முறை கிறுக்க வேண்டியிருந்தது.